அவளுக்கென்று எடுத்துவைத்த சோறு

பர்மாவில் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் "தமின் சா பீபீலா" என்று கேட்பார்கள். சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தம். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் சாப்பிட்டாச்சு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். கேட்டவரும் பதிலுக்காக நிற்க மாட்டார். அரியலூருக்குக் கிழக்கே என் கணவரின் ஊருக்கு நாங்கள் வந்து சேர்ந்த மறுநாள் காலை, கிணற்றடியில் என் மகள் வசந்தாவைப் பார்த்த பெண்கள் எதையும் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து அவள் மேல்கையை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார்கள். சந்தையில் முருங்கைக்காயை அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு என் பக்கம் திரும்பி உச்சுக் கொட்டினார்கள். வசந்தா அதை அந்த ஊர் வணக்கம் என்று நினைத்துக்கொண்டு, அடுத்தாற்போல் வந்த பெண்ணின் கையைத் தானும் அமுக்கினாள். அன்று முழுக்க ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

யுத்தம் முடிந்து மறுபடியும் கப்பலேறிப் போய்விட்டவர்களும், என்னைப் போல இங்கேயே தங்கிவிட்டவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நான் பெகுவில் பிறந்தவள். என் கணவர் இந்த ஊரிலிருந்து பிழைக்க வந்து அங்கே ஒரு அரிசி மில்லில் கணக்குப் பிள்ளையாக இருந்தார். சொந்த ஊர், சொந்த ஊர் என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பச்சைப்பசேல் என்று ஒரு ஊர் மனதில் வரும். ஜப்பான்காரன் குண்டு விழுந்த பிறகு புரோமிலிருந்து மலைப்பாதை வழியே கடலோரத் தாங்குப் பக்கம் நடந்தவர்களில் நாங்களும் மூன்று பேர். கடைசியில் இங்கே வந்து இறங்கியது இரண்டு பேர்தான். அவர் வழியிலேயே வாந்திபேதியில் போய்விட்டார். எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. மூங்கில் இலைகளைப் போட்டு மூடிவிட்டு வந்தோம். சொந்த ஊர் பச்சையாக இல்லை. சுண்ணாம்புக் கல்லும் கரிசலும் வேலிக்கருவையும் அனல்காற்றுமாக இருந்தது.

எங்களை ஏற்றுக்கொண்டது அவருடைய அக்கா பெரியநாயகி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷனை இழந்தவர். ஒரே மகன் துரைசாமியை வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து நாங்கள் இறங்கியதும் என்னைத் தாண்டிப் போய் வசந்தாவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தவர், தெருவென்றும் பாராமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். தம்பியின் மூக்கு, தம்பியின் நெற்றி என்று ஒவ்வொன்றாகத் தொட்டார். அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தப் பிள்ளை மேல் அவருக்கு இருந்த பாசத்தில் கலப்படம் கிடையாது. சோறு போட்டே அதைக் காட்டினார். அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

வசந்தா பர்மாவிலேயே பெரியவளாகிவிட்டாள் என்று அண்ணியிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது பதினைந்து வயது நடந்துகொண்டிருந்தது. அண்ணிக்கு அது பெரிய குறையாகப் போயிற்று. "அங்க எவ களி கிண்டிக் குடுத்தா, எவ எண்ண ஊத்துனா? அதான் புள்ள வத்தலாட்டம் கெடக்கு" என்றார். விட்டுப்போன சடங்குச் சாப்பாட்டையெல்லாம் இப்போது ஈடுகட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். விடிந்ததும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். பிறகு கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. மத்தியானம் நெய் விட்ட நெல்லுச் சோறு. பர்மா அரிசி நின்றுபோய் ஊரில் நெல்லரிசிக்குப் பறந்துகொண்டிருந்த நேரம் அது. அண்ணியும் துரைசாமியும் நானும் வரகுச் சோறும் சோளக் களியும் சாப்பிட்டோம். அரிசிப் பானை வசந்தாவுக்கு மட்டும் தனியாக அடுப்பேறியது. உடம்பு பிடித்ததும் துரைசாமிக்கு அவளைக் கட்டிவைப்பது என்று அண்ணி எங்களைக் கேட்காமலேயே தீர்மானித்திருந்தார். அத்தை மகன்தானே, கேட்க என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

ஒவ்வொரு அமாவாசைக்கும் மறுநாள் களத்துக்கு அழைத்துப் போவார். கடலை மூட்டை நிறுக்கும் தராசு அங்கே புளிய மரக் கிளையில் தொங்கும். ஒரு பக்கத்துப் பலகையில் வசந்தாவை உட்காரச் சொல்லி மறுபக்கம் படிக்கல்லை ஏற்றுவார்கள். களத்தில் வேலை செய்கிற ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் போலப் பாவனை செய்துகொண்டு பார்ப்பார்கள். போன தடவையைவிடக் கல் குறைந்தால் அண்ணியின் முகம் சுண்டிப்போகும். வசந்தாவுக்குத் தராசு புதிதல்ல. பர்மாவில் திங்ஜான் தண்ணீர்ப் பண்டிகை அன்று மில்லுக்கு விடுமுறை. நனைந்த துணியோடு வரும் பிள்ளைகளை அவளுடைய அப்பா மில் தராசில் நிறுத்துப் பார்த்து, இவ்வளவும் தண்ணீர்தான், பிழிந்தால் ஒன்றும் தேறாது என்று கேலி செய்வார். பர்மியப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்று ஏறுவார்கள். அங்கே அது விளையாட்டு. இங்கே தராசிலிருந்து இறங்கியதும் வசந்தா தாவணியை இழுத்து மூடிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடப்பாள்.

அங்கே பெண்கள் உடம்பைப் பற்றி யாரும் இப்படிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. லொங்ஜியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்து, கன்னத்தில் தனாகா மரச்சாந்து பூசிக்கொண்டு கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிற பெண்கள். ஒல்லியும் உண்டு, தடியும் உண்டு. அதற்காக பர்மாவைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. இந்தியர்களுக்கு எதிராகக் கலகம் வந்தபோது அதே தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கியவர்கள் நாம். ஆனாலும் என் மகளின் கை எவ்வளவு பருமன் என்பது அந்த ஊர்க்காரர்களின் கவலையாக இருந்ததில்லை.

வைகாசி போய் ஆனி வந்தது. வசந்தாவுக்கு உடம்பு ஏறவில்லை, இறங்கியது. முதலில் எனக்கே காரணம் புரியவில்லை. தட்டு காலியாகத்தான் திரும்பி வந்தது. பிறகு ஒருநாள் கொல்லையில் ஆடு உளுந்தங்களியைத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். கண்ணுக்கடியில் கருப்பு தட்டி, கூந்தல் கொத்துக்கொத்தாகச் சீப்போடு வர ஆரம்பித்தது. மாதவிலக்கும் நின்றுபோயிற்று. கல்யாணத்துக்குப் பயந்துதான் இப்படிச் செய்கிறாள் என்று நினைத்தேன். உடம்பு பிடித்தால் தாலி, பிடிக்காவிட்டால் பாடை என்று எனக்குள் சொல்லிக்கொண்டு அழுதிருக்கிறேன். மலைப்பாதையில் பசியால் சுருண்டவர்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவளுக்கு, சோறு இருக்கிற வீட்டில் பெண் வற்றிப்போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அண்ணியே பதறிப்போய் எங்களைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டுகிற பஸ். ஏற்றம் வந்த இடத்தில் எல்லாரும் இறங்கி நடந்தோம். அங்கே இருந்த லேடி டாக்டர் நிதானமானவர். வசந்தாவின் கண் இமையையும் நாக்கையும் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு எங்களை விட்டுவிட்டு அவளிடமே என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்டார். வசந்தா என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள். ரத்தம் குறைவாக இருக்கிறது, வேறு வியாதி இல்லை என்றார் டாக்டர். இந்த வயதில் பெண் குண்டாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை, திடமாக இருந்தால் போதும். வாயில் திணிக்க வேண்டாம். எல்லாரும் சாப்பிடும்போது எல்லாரும் சாப்பிடுவதையே சாப்பிடட்டும், கம்பும் சோளமும் கீரையும் கடலையும் அரிசிக்கு ஒன்றும் குறைந்தவை அல்ல. ஓடியாடி நாலு வேலை செய்யட்டும், பசி தானாக வரும். நிறுப்பதை நிறுத்துங்கள். இவ்வளவும் சொன்னார். அண்ணி பயபக்தியோடு தலையாட்டினார். பஸ் ஏறியதும் என்னிடம் திரும்பி, "பசிச்சா குடுன்னு சொல்லுது அந்தம்மா. பசிக்கவே காணோம்னுதான அம்புட்டுத் தூரம் வந்தோம்? என் தம்பி மவ வரகு திங்கவா பொறந்தா?" என்றார். மறுநாள் நெய் இன்னொரு கரண்டி கூடியது.

ஒரு மத்தியானம் வசந்தா ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து மடியில் போட்டுக்கொண்டு, கல்யாணம் வேண்டாமென்றால் நான் நிறுத்துகிறேன், அதற்காகச் சாகாதே என்றேன். அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். கல்யாணம் பற்றி அவள் அவ்வளவாக நினைத்ததே இல்லையாம்.

"எல்லாரும் வரகு திங்கறாங்க, எனக்கு மட்டும் நெல்லுச் சோறு. அப்பாவும் மலையில இப்படித்தாம்மா போட்டாரு. நானும் தின்னுட்டேன், அவரு தின்னாரான்னு கேக்கல. இப்ப எனக்குன்னு எடுத்து வச்சத வாயில வச்சா எறங்க மாட்டேங்குது."

தகர டப்பாவில் இருந்த கடைசி அரிசியை அவர் காய்ச்சிக் கொடுத்ததும், நான் முன்னாடியே சாப்பிட்டுவிட்டேன் என்று எங்களிடம் சொன்னதும் எனக்கும் தெரியும். அவர் போனது நோயால்தான், நோய் பட்டினி கிடந்தவனையும் கொல்லும், சாப்பிட்டவனையும் கொல்லும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியாது.

அன்றே அண்ணியிடம் போய், இனிமேல் எங்களோடு வரகே சாப்பிடட்டும் என்று கெஞ்சினேன். காரணத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் தம்பி பட்டினி கிடந்தார் என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். அரிசி செலவாகிறதே என்று நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்து, "ஒனக்கு ஏன் அந்த வேத்துமை, இது அவ அப்பன் பொறந்த வூடு" என்று சொல்லிக் கண் கலங்கினார். அதற்கு மேல் பேச்சை எங்கே கொண்டுபோவது? ஒரே மொழி பேசுகிற ஊருக்கு வந்தும் பாதி நேரம் எனக்குத் துபாஷி தேவைப்பட்டது.

ஐப்பசியில் கடலை பிடுங்க ஆரம்பித்தார்கள். வேலை செய்தால் பசி வரும் என்ற டாக்டர் பேச்சைப் பிடித்துக்கொண்டு வசந்தாவையும் காட்டுக்கு அனுப்பச் சொன்னேன். வரப்பில் உட்கார்ந்து ஆட்களைப் பார்த்துக்கொள்ளட்டும், அவ்வளவுதான் என்று அண்ணி சம்மதித்தார். வசந்தா உட்காரவில்லை. முதல் நாளே சேரிப் பெண்களோடு குனிந்து செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, காய் ஆய்ந்தாள். அவர்களில் அஞ்சலை என்ற ஒரு பெண், என் வயது இருக்கும். அவளுடைய அண்ணனும் பர்மாவுக்குப் போய்த் திரும்பாதவன். அவன் எந்தப் பக்கம் இருந்தான், என்ன சாப்பிட்டிருப்பான் என்று அவள் கேட்கக் கேட்க வசந்தா மொஹிங்கா என்கிற மீன் குழம்புச் சேமியா பற்றியும், ங்காபி என்கிற புளித்த மீன் விழுதின் நாற்றம் பற்றியும் வாய் ஓயாமல் சொன்னாளாம். வீட்டில் உதடு பிரிக்காத பெண் காட்டில் கதை சொல்கிறாள் என்று கேட்டு எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மோர் கொடுக்க ஒருநாள் நான் காட்டுக்குப் போனேன். மத்தியான வேளை. பெண்கள் வேலமர நிழலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வசந்தா அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து அஞ்சலையின் கலயத்திலிருந்து கம்மங்கூழைக் கையில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் சின்ன வெங்காயம். முழங்கை வழியாகக் கூழ் வழிந்தது. கலயம் எல்லாரையும் சுற்றி வந்து மறுபடியும் அவளிடம் வந்தது. அவளுக்கென்று அதில் எதுவும் இல்லை, இருந்தது எல்லாருக்கும். என்னைப் பார்த்ததும் அஞ்சலை பதறி எழுந்தாள்.

"வேணாம்னுதாங்க சொன்னேன், பாப்பா கேக்கல. ஒங்க நாத்தனாருக்குத் தெரிஞ்சா எங்கள இந்தக் காட்டுல மிதிக்க வுட மாட்டாங்க."

அது என்ன பெரிய காரியம் என்று அந்த நிமிஷம் எனக்குப் பிடிபடவில்லை. மில் குடியிருப்பில் ஒரே குழாயடி, ஒரே வரிசை வீடுகள். மலைப்பாதையில் யார் கையால் வாங்கிக் குடித்தோம் என்று யாரும் யோசித்ததில்லை. இங்கே வந்த பிறகு ஒன்றிரண்டு விஷயங்களைக் கண்டும் காணாமல் இருந்தேன். கேட்டால் வம்பு என்று விட்டிருந்தேன். வசந்தாவுக்கோ யார் கையால் வாங்கலாம், யார் கையால் கூடாது என்கிற சட்டம் ஒன்று இருப்பதே தெரியாது. நான் அவளைத் தடுக்கவில்லை. பிள்ளை ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு தானாக வாய் வைத்துச் சாப்பிடுகிறாள். அதைத் தட்டிவிட எந்தத் தாய்க்குக் கை வரும்? அஞ்சலையிடம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டு மோர்ச் செம்பை அங்கேயே வைத்தேன்.

அறுவடை முடியும்போது வசந்தா தேறிவிட்டாள். தடிக்கவில்லை. கன்னத்தில் ரத்தம் வந்தது, நடையில் வீச்சு வந்தது, கூந்தல் உதிர்வது நின்றது. விலக்கும் ஒழுங்குக்கு வந்தது. அண்ணி பூரித்துப்போனார். என் கைப் பக்குவம், என் களி, என் நெய் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார். களத்துத் தராசில் கல் கூடியபோது திருஷ்டி சுற்றிப் போட்டார். தை பிறந்ததும் கல்யாணம் என்று நாள் பார்க்கவும் ஆள் அனுப்பினார்.

யார் சொன்னார்களோ, பொங்கலுக்கு முன்னால் கூழ் விஷயம் அண்ணி காதுக்குப் போய்விட்டது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வசந்தாவைக் கூப்பிட்டு, உண்மையா என்று மட்டும் கேட்டார். உண்மைதான் அத்த, அந்தக் கூழ்தான் எனக்கு எறங்குச்சு என்றாள் அவள், ஏதோ நல்ல செய்தி சொல்வதைப் போல. "இனிமே ஒன்ன அடுப்படியில எப்படி வுடுவேன்? எம்மவனுக்கு எப்படிக் கட்டுவேன்? ஊரு என்னைச் சேத்துக்குமாடி?" என்று அண்ணி கேட்டார். கோபத்தில் கேட்டதாகத் தெரியவில்லை. யாராவது வழி சொல்ல மாட்டார்களா என்று கேட்டதைப் போலத்தான் இருந்தது. துரைசாமி மாட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். அஞ்சலை வீட்டுக்கு மறுநாள் முதல் வேலைக்குக் கூப்பிட ஆள் விடவில்லை. இந்தக் கதையில் எல்லாரையும்விட அதிகமாக இழந்தவள் அவள்தான். அதற்கு ஈடாக என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

நாங்கள் அரியலூர் டவுனுக்கு வந்துவிட்டோம். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை அறை. பர்மியப் பெண்களுக்கு எஞ்ஜி என்கிற மேல்சட்டை தைத்த கை, இங்கே ரவிக்கை தைத்துப் பிழைக்கிறது. வசந்தா படிப்பை விட்ட இடத்தில் தொடர்ந்தாள். இரண்டு பேரும் ஒரே பானையிலிருந்து எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். என் தட்டில் குறைவாகப் போட்டுக்கொண்டால் அவள் கண்டுபிடித்துவிடுவாள், அதனால் எனக்கும் வயிறு நிறையச் சாப்பிட வேண்டியிருக்கிறது. கப்பல் மறுபடியும் ஓட ஆரம்பித்தபோது திரும்பிப் போகவில்லையா என்று பலர் கேட்டார்கள். அங்கே போனால் இந்தியாக்காரிகள் என்பார்கள். இங்கே ரங்கூன்காரிகள்.

வீட்டை விட்டு வந்த வருஷமே ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் துரைசாமி வண்டியோடு வந்து நின்றான். தம்பிக்குப் படையல் போடுகிறேன், பிள்ளையை அழைத்து வரச் சொல் என்று அண்ணி சொல்லி அனுப்பியிருந்தார். போனோம். என் கணவர் இறந்த நாள் எது என்று எங்களில் யாருக்கும் திட்டமாகத் தெரியாது, அதனால் அமாவாசைதான் அவருக்கு. எங்கிருந்தோ அரிசி சேர்த்து அண்ணி எல்லாருக்கும் ஒரே உலையில் சோறு வடித்திருந்தார். வடை, பாயசம், வாழைக்காய் எல்லாம் இருந்தது. படைத்து முடித்ததும் எனக்குக் கூடத்தில் இலை போட்டார். வசந்தாவுக்குக் கொல்லையில், அடுப்படிக் கதவுக்கு வெளியே, மண்ணில் ஒரு இலை. இருந்ததில் பெரிய இலை அதுதான்.

நான் கூடத்து இலையில் உட்காரவில்லை. அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவில் நின்றேன். என்னை யாரும் உட்காரவும் சொல்லவில்லை, வெளியே போகவும் சொல்லவில்லை. இலையைப் பார்த்ததும் வசந்தா திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து இலையைத் துடைத்தாள். அண்ணி சோற்றுப் பாத்திரத்தோடு வந்து, இலையில் கரண்டி பட்டுவிடாமல் உயர நின்று போட்டார். வசந்தா குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். பிறகு நிமிர்ந்து, "இன்னங் கொஞ்சம் சோறு போடுங்க அத்த" என்றாள்.

அவள் வாயால் அப்படி ஒரு வார்த்தை வராதா என்று அண்ணி எத்தனை மாதம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது. கரண்டியை இன்னும் உயரத் தூக்கிக்கொண்டார். அவ்வளவு உயரத்திலிருந்து போட்டதில் சோறு பாதி இலையிலும் பாதி மண்ணிலுமாக விழுந்தது. வசந்தா மண்ணில் விழுந்ததையும் பொறுக்கி, ஊதி, இலையில் வைத்துச் சாப்பிட்டாள்.